98 காசில் ஒரு நாவல்! தெரியுமா?

ஒரு நாவல் எழுத எவ்வளவு செலவாகும்? அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரிக்கு ஒன்பது டாலர் எண்பது சென்ட் ஆனது! காகிதத்துக்கும் மைக்கும் அல்ல. டைப்ரைட்டர் வாடகை!

1950-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கதை இது. தனி அறை எடுத்து எழுதக் கையில் காசில்லை. வீட்டிலேயே எழுதலாமென்றால், பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டதும் கதையைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிற அப்பா அவர். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பவல் நூலகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்திலிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது. இறங்கிப் போனால் வரிசையாக டைப்ரைட்டர்கள்! பத்து சென்ட் நாணயம் ஒன்றைப் போட்டால் அரை மணி நேரம் அடிக்கலாம். அரை மணி முடிந்தால் அடுத்த காசு!

பிராட்பரி ஒரு பை நிறையச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பது நாள். 98 நாணயம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வெறும் 49 மணி நேரம்! அந்த நேரத்துக்குள் 25,000 வார்த்தைகளில் ஒரு குறுநாவல் முடிந்துவிட்டது. அதை விரித்து எழுதியதுதான் 1953-இல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'ஃபாரன்ஹீட் 451'.

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. அந்த நாவல் எதைப் பற்றியது? புத்தகங்களைக் கொளுத்துகிற ஒரு காலத்தைப் பற்றியது. எழுதப்பட்ட இடமோ ஒரு நூலகத்தின் அடிவயிறு! களைப்பு தட்டினால் பிராட்பரி மாடிக்கு ஓடுவார். அலமாரிகளுக்கு நடுவே நடப்பார், கைக்கு வந்த புத்தகத்தை உருவிப் பிரிப்பார், வாசனை பிடிப்பார், கண்ணில் பட்ட ஒரு வரியை மனதில் போட்டுக்கொண்டு மறுபடி கீழே ஓடிவந்து காசு போடுவார். எரியப்போகிற புத்தகங்களைத் தொட்டுத் தொட்டு எழுதிய நாவல் அது! நாணயம் தீர்ந்துபோகுமே என்ற பதற்றம்கூட அந்த எழுத்தின் ஓட்டத்தில் ஏறியிருக்கிறது என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பல ஆண்டுகளாக ஒரு வார இதழில் வேலை பார்க்கிறேன். எழுத ஆசைப்படுகிறவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே குரல்தான்: "வேலைக்குப் போகிறேன், நேரமில்லை. வீட்டில் இடமில்லை. கற்பனை வற்றிவிட்டது." இந்தக் கடிதங்களை ஒருநாளும் நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. அத்தனையும் உண்மையான வலி. ஆனால் எழுதிப் பெயர் வாங்கியவர்களுக்கு நேரமும் இடமும் எவ்வளவு கிடைத்தன என்று தேடிப் பார்த்தால் வாய் பிளந்துவிடும்!

கடிகாரத்தை முன்னால் வைத்து 47 நாவல்!

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் முழுநேரத் தபால் இலாகா ஊழியர், தெரியுமா? 1834-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 33 ஆண்டு உத்தியோகம் பார்த்தார். பிரிட்டிஷ் மண்ணில் தெருவோரத் தபால் பெட்டி வந்ததற்கே அவர்தான் காரணம். 1852-இல் ஜெர்சி தீவில் முதல் பெட்டிகளை நட்டது அவருடைய யோசனையின்படிதான்!

இவர் எப்போது எழுதினார்? காலை ஐந்தரை மணிக்கு! தன்னை எழுப்பி காபி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே ஒரு வயதான வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகச் சுயசரிதையில் மனதாரச் சொல்கிறார். மேஜையில் கடிகாரம் இருக்கும். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. கால் மணிக்கு ஒருதரம் எண்ணிப் பார்ப்பார்! அப்படியே எட்டரை மணிவரை. பிறகு குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ். இலாகா வேலையாக ரயிலில் போகும்போது மடியில் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார், வீட்டில் மனைவி அதைப் படியெடுப்பார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் பெரும்பகுதி ரயில் பெட்டியில் பிறந்தது! மொத்தம் 47 நாவல்கள்.

1883-இல், அவர் இறந்த மறு ஆண்டு, அந்தச் சுயசரிதை வெளியானது. அதைப் படித்த விமர்சகர்கள் சிலர், செருப்பு தைக்கிற மாதிரியா நாவல் எழுதுவது என்று முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் டிரோலப் மேல் மரியாதை பல மடங்கானது. வார இதழ் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கடிகாரம் நன்றாகப் புரியும். லே-அவுட் அண்ணன் வாசலில் நின்று "சார், ரெண்டு பக்கம் காலியா நிக்குது, மேட்டர் எப்ப வரும்?" என்று கேட்கிற நிமிஷத்தில், இத்தனை நாள் வராத முதல் வரி எங்கிருந்தோ வந்து நிற்கும். அந்த அதிசயத்தை நான் எண்ணிச் சொல்ல முடியாத தடவை பார்த்திருக்கிறேன்.

கல்கியை நினைத்துப் பாருங்கள்! 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கியது. மூன்றரை ஆண்டு, வாரா வாரம், ஐந்து பாகம். பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. தலையங்கமும் எழுதவேண்டும், சோழ நாட்டிலும் குதிரையேறவேண்டும்! வீட்டுக்குள் உட்கார்ந்து கற்பனை செய்துவிடவில்லை அவர். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை போய் இடங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

பேப்பர் கத்தரித்தவர் எழுதிய கதை

ஜெமினி ஸ்டூடியோவில் அசோகமித்திரனுக்கு என்ன வேலை, தெரியுமா? நடிப்பும் இல்லை, வசனமும் இல்லை. செய்தித்தாள்களைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டுவது!

1952-இல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினியில் சேர்ந்து 1966 வரை இருந்தார். பல வகைச் செய்திகளைக் கத்தரித்து, ஒட்டி, அடுக்கி வைப்பது அவருடைய பொழுது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பையன் நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் தோன்றும். அதனால் ஸ்டூடியோவில் யாருக்குப் பொழுது போகவில்லையோ அவர்கள் அவருடைய தடுப்பறைக்குள் நுழைந்து நீண்ட பிரசங்கம் செய்துவிட்டுப் போவார்கள். சினிமாவில் பெரிய ஆளாகிவிடலாமென்று வந்து, ஒப்பனைப் பிரிவில் கூட்டத்துக்குப் பூச்சு அடித்தபடி வயதாகிப்போன ஒருவர் வந்து மனக்குறையைக் கொட்டுவார். அசோகமித்திரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்!

அந்தக் காதுதான் மூலதனம். சினிமா உலகில் வெளிச்சம் படாத ஆட்களின் வாழ்க்கையை, புரொடக்ஷன் மேனேஜரையும் துணை நடிகைகளையும் உதவி இயக்குநர்களையும், 1969-இல் நூலாக வந்த 'கரைந்த நிழல்கள்' நாவலில் படித்துப் பாருங்கள். ஒரு வரிகூடச் சத்தம் போடாது. பேப்பர் கத்தரித்தபடி பதினாலு வருஷம் காது கொடுத்தவரால் மட்டும்தான் அப்படி எழுத முடியும். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு பகுதியை இன்று நாடெங்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடமாகப் படிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், 'சும்மா இருக்கிறான்' என்று பேர் வாங்கின வேலை பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது!

பிழைப்புக்காகப் பார்த்த வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே, அகதா கிறிஸ்டியைக் கேளுங்கள். கொலைக்கதை அரசிக்கு விஷம் பற்றி அவ்வளவு எப்படித் தெரிந்தது? முதல் உலகப் போரின்போது, சொந்த ஊரான டார்க்கியில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். மருந்து கலக்கப் படித்துத் தேர்வும் எழுதினார். வேலை குறைவாக இருக்கும் நேரத்தில், சுற்றிலும் விஷக் குப்பிகள் நிற்க, துப்பறியும் கதை ஒன்று எழுதினால் என்ன என்று யோசித்தார். 1920-இல் வந்த அவருடைய முதல் நாவலில் கொலைக்கருவி ஸ்ட்ரிக்னின்! துப்பறிவாளர் பொய்ரோ ஏன் பெல்ஜியக்காரர்? போருக்குத் தப்பி அந்த ஊருக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளை அவர் தெருவில் பார்த்துக்கொண்டிருந்தார்! அவர் விட்டுச்சென்ற குறிப்பு நோட்டுகள் 73. கொலைத் திட்டமும் கடைச் சாமான் பட்டியலும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து இருக்கும்.

காஃப்கா? பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி. மரம் இழைக்கிற இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று படம் போட்டு அறிக்கை எழுதியவர்! அவருடைய 'தண்டனைக் குடியிருப்பில்' கதையின் நடுவே நிற்பதும் ஒரு இயந்திரம். 'தீர்ப்பு' என்ற கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி, விடிகாலை ஆறு மணிக்கு ஒரே மூச்சில் முடித்தார்.

கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில் உயர் அதிகாரி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஆபீஸுக்கு நடந்தே போவார், நடக்கும்போதே கவிதை கட்டுவார்! நம் சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் பங்குகொண்ட கையும், 'நைலான் கயிறு' எழுதிய கையும் ஒரே கைதான்!

சலூன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு இலக்கிய இதழ்

யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு இலக்கியப் பத்திரிகை வந்தது, தெரியுமா? பெயர் 'மல்லிகை'! நடத்தியவர் டொமினிக் ஜீவா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சலூனில் கத்திரி பிடித்தவர். வாடிக்கையாளர் பேசுகிறபோது கேட்டார், ஆள் இல்லாத நேரத்தில் படித்தார், எழுதினார். அவருடைய சிறுகதைத் தொகுப்பான 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பிறகு 1966-இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழ்களைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருத் தெருவாக நடந்து அவரே விற்றார். போரையும் இடப்பெயர்வையும் தாண்டி அந்த இதழ் நானூறைத் தொட்டது! தமிழ்ச் சிற்றிதழ் வரலாறு தெரிந்தவர்களைக் கேளுங்கள், பத்து இதழ் தாண்டினாலே கொண்டாடுவார்கள்.

எழுதவே தெரியாத ஒருவர் 115 நாவல் எழுதினார் என்றால் நம்புவீர்களா? வை.மு.கோதைநாயகி அம்மாள்! ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிப் படிப்பு இல்லை. கதை மட்டும் நாவில் ஊறிக்கொண்டே இருந்தது. தன் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொண்டார். பிறகு அந்தத் தோழியிடமே எழுதப் படித்துக்கொண்டார்! 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்து முப்பது ஆண்டுக்கும் மேல் நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், அங்கும் பேனா நிற்கவில்லை.

கவிஞர் சல்மா எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதை முதன்முதலில் அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. துவரங்குறிச்சியில், எழுதக்கூடாது என்று தடை இருந்த வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு கழிவறையில் நின்றுகொண்டு எழுதினார். கிடைத்த துண்டுத் தாள்களில் எழுதி ஒளித்து வைத்தார். அவை தாயின் கை வழியாக வெளியே வந்து அச்சேறின. 'சல்மா' என்பதே அடையாளம் தெரியாமல் இருக்க வைத்துக்கொண்ட பெயர்தான். 2004-இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைக் கையில் எடுக்கிறவர்கள், அந்தத் தலைப்பில் இருக்கிற இரண்டாம் ஜாமத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவேண்டும். அவருக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

பெருமாள்முருகனுக்கோ, அவருடைய நாவல் ஒன்றை எதிர்த்தவர்கள் ஊற்றையே மூடப் பார்த்தார்கள். 2015-இல் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு மௌனமானார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னது. அந்த மௌனத்திலும் கவிதைகள் வந்துகொண்டிருந்தன, அவைதான் 'கோழையின் பாடல்கள்'. அதன்பின் வந்த முதல் நாவல் எதைப் பற்றி? ஒரு வெள்ளாட்டுக்குட்டி! 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருந்தது, ஆடுகளால் பிரச்சினையில்லை என்று முன்னுரையில் சொல்கிறார். வழி அடைபட்டால் ஊற்று வேறு பக்கம் கண் திறக்கும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

நடந்தால் 60 சதவீதம்! கண் சொக்கினால் மூன்று மடங்கு!

இனி ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். நடந்தால் யோசனை பிறக்கும் என்று பாட்டி சொன்னதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளந்தே பார்த்துவிட்டார்கள்! 2014-இல் மெரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இது. உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம்! மலையோரம் மரத்தடி என்றுகூட இல்லை. அறைக்குள் வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஊற்று நிற்கவில்லை! ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே ஒரு சரியான விடையைத் தேடுகிற வேலைக்கு நடை உதவவில்லை. ஆகவே கதைக்கரு வேண்டுமா, நடங்கள். ப்ரூஃப் பார்க்கவேண்டுமா, உட்காருங்கள்!

இன்னொன்று இதைவிட அற்புதம். பாரிஸில் 2021-இல் ஒரு சோதனை. மறைவாக ஒரு குறுக்குவழி உள்ள கணக்கைக் கொடுத்தார்கள். கொஞ்சம் போட்டுப் பார்த்தபின், கையில் ஒரு பொருளைப் பிடித்தபடி இருபது நிமிஷம் சாய்ந்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கண் சொக்கினால் கை தளரும், பொருள் விழும், விழிப்பு வரும். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் அந்தக் குறுக்குவழியைக் கண்டார்கள். பதினைந்து வினாடியாவது தூக்கத்தின் வாசலைத் தொட்டு வந்தவர்களில்? 83 சதவீதம்! ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களிலோ வெறும் 14. எடிசன் கையில் உலோக உருண்டையோடு குட்டித்தூக்கம் போட்டார் என்று சொல்வார்களே, அதையே மின்முனைகளை ஒட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்! மதியம் சாய்வு நாற்காலியில், கையில் பிடித்த பத்திரிகை நழுவி விழுகிறதே, அந்த வினாடியில் மனதில் என்ன ஓடியது என்று உடனே எழுதிவையுங்கள். நான் சில மாதங்களாகச் செய்கிறேன். பல நாள் உளறல். சில நாள் தங்கம்.

ஆனால் கவனியுங்கள், அவர்கள் முதலில் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் சாய்ந்தார்கள். 1926-லேயே கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் படைப்பு பிறப்பதை நான்கு கட்டமாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்: ஆயத்தம், அடைகாத்தல், வெளிச்சம், சரிபார்த்தல். அடைகாக்க முட்டை வேண்டுமல்லவா? முட்டை முதல் கட்டத்தில்தான் கிடைக்கும்!

வானத்திலிருந்தா விழுந்தது?

ஒரே நொடியில் எழுத்தாளரானவர் என்று முரகாமியைச் சொல்வார்கள். 1978 ஏப்ரல் 1, டோக்கியோ ஜிங்கு மைதானம், பேஸ்பால் ஆட்டம். டேவ் ஹில்டன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பந்தை அடித்துவிட்டு இரண்டாவது தளத்துக்கு ஓடினார். புல்மேட்டில் உட்கார்ந்திருந்த முரகாமிக்கு அந்த நொடியில் தோன்றியது: என்னால் நாவல் எழுத முடியும்! போகிற வழியில் பேனாவும் தாளும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நொடி எல்லாருக்கும் தெரியும். அடுத்து நடந்தது தெரியுமா? அவர் ஒரு ஜாஸ் மதுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குமேல் கடையை மூடிவிட்டு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதினார். எழுதியது பிடிக்கவில்லை. தொடக்கத்தைத் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். தெரிந்த சொல் குறைவு, அதனால் வாக்கியம் குட்டை குட்டையாக வந்தது. அதையே திரும்ப ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் அறிந்த முரகாமி நடை அப்படிப் பிறந்தது! அந்த முதல் நாவல் 1979-இல் பரிசு வாங்கியது.

நம் ஆர்.கே.நாராயணுக்கு நாள் பார்த்துக் கொடுத்தது பாட்டி! 1930-இல், விஜயதசமி அன்று, ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிறிய ரயில் நிலையத்தோடு மால்குடி என்ற ஊர் கண்முன் வந்து நின்றது. வரைபடத்திலேயே இல்லாத ஊர்! ஆனால் அது அச்சாக ஐந்து வருஷம் ஆனது. பதிப்பாளர்கள் மாறி மாறித் திருப்பி அனுப்பினார்கள். மனம் விட்டுப்போய், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு, கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதிவிட்டார். நண்பர் போடவில்லை. கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்! 1935-இல் 'ஸ்வாமியும் நண்பர்களும்' லண்டனில் வெளிவந்தது. அந்த நண்பருக்குத் தமிழர்களும் கன்னடர்களும் சேர்ந்து ஒரு கும்பிடு போடவேண்டும்.

கல்கிக்கு மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில், ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த நிலாப் பொழுதில் 'சிவகாமியின் சபதம்' மனதில் விழுந்தது. எழுதி முடித்து நூலாக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன! விதை விழ ஒரு நிமிஷம் போதும். அதன்பின் கல்வெட்டு, சரித்திரம், சிற்பம் என்று எத்தனை வருஷத் தண்ணீர்!

பத்துச் சொற்கள்

பிராட்பரியில் தொடங்கினேன், அவரிடமே திரும்பி வருகிறேன். இருபது வயதுகளில் அவருக்கும் எழுத ஒன்றும் கிடைக்காமல் இருந்தது. அப்போது ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். காலையில் எழுந்ததும் மனதில் தோன்றும் பெயர்ச்சொற்களை வரிசையாக எழுதுவார். ஏரி. கூட்டம். ஜாடி. பள்ளத்தாக்கு. காரணமெல்லாம் கேட்பதில்லை. 22 வயதில் ஒருநாள் 'ஏரி' என்ற சொல்லில் கண் நின்றது. இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவர், முதல் நல்ல கதையை இன்றுதான் எழுதியிருக்கிறோம் என்று அறிந்துகொண்ட அழுகை அது!

நானும் செய்து பார்த்தேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: அரிக்கேன் விளக்கு, ரேஷன் கார்டு, கொடுக்காப்புளி, ஸ்டவ் பின்… அந்த நாலாவது சொல்லில் கை நின்றுவிட்டது. பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் குத்துவதற்குத் தகரத் தகட்டில் ஊசிமுனை வைத்த சின்னப் பொருள். பெட்டிக்கடையில் தொங்கும். எங்கள் சித்தி அதை எப்போதும் தாலிக்கொடியில், ஊக்குக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார். குனிந்து ஸ்டவ்வைக் குத்தும்போது அது கழுத்தில் ஆடும், மண்ணெண்ணெய் வாசனை எழும், நீலத் தீ 'புஸ்'ஸென்று கிளம்பும். சித்தி போய்ப் பல வருஷமாகிறது. அவரைப் பற்றி எழுதவேண்டுமென்று எத்தனையோ முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், ஒரு வரி வந்ததில்லை. அந்த ஊசி வந்ததும் சித்தியும் வந்துவிட்டார். மூன்று பக்கம், நிற்காமல்!

ஏன் பெயர்ச்சொல்? 'அன்பு', 'தியாகம்' என்று தொடங்கினால் மனம் மேடையேறிப் பேச ஆரம்பித்துவிடும். 'ஸ்டவ் பின்' என்று தொடங்கினால் கை எதையாவது தொடும், மூக்கு எதையாவது பிடிக்கும். கரிசல் மண்ணின் கி.ராஜநாராயணனைப் பாருங்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத இடைசெவல் விவசாயி. முப்பது வயதுக்குமேல்தான் கதை எழுத வந்தார். ஊரார் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தார்! புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் எழுதினார். அவருக்குச் சொல் வற்றவே இல்லை, ஏனென்றால் சொல்லை அவர் வானத்தில் தேடவில்லை, பருத்திக் காட்டில் தேடினார்.

நாளைக் காலை நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது கசக்கிப் போட்டுவிடாதீர்கள். திருப்பி வைத்துப் பத்துச் சொல் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவராக இருந்தால், அவற்றில் மூன்று உங்கள் வேலையிடத்துச் சொல்லாக இருக்கட்டும். எந்தச் சொல்லில் கை நிற்கிறதோ அதன்மேல் அரை மணி, பிராட்பரி ஒரு காசு போட்ட நேரம், எழுதிவிட்டு எனக்கும் அனுப்புங்கள். வருகிற ஒவ்வொன்றையும் நானே படிக்கிறேன்.